மாரடைப்புக்குப் பின் கடையைத் திறப்பவர் யார்?

ஒரு வியாபாரிக்கு மாரடைப்பு என்றால், அந்தச் செய்தி கடைவீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும். கேள்விப்பட்டவுடன் நாம் கேட்கும் முதல் கேள்வி, "ஆள் எப்படி இருக்கிறார்?" என்பது. இரண்டாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. பேரேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்கிறோம். அவர் நமக்கு எவ்வளவு பாக்கி?

இரண்டாவது கேள்வி தவறு என்று சொல்ல வரவில்லை. மொத்த வியாபாரிக்கும் மேலே மில்காரர் இருக்கிறார், வங்கி இருக்கிறது, செக் தேதி இருக்கிறது. பாக்கியைப் பற்றி யோசிக்காதவர் வியாபாரம் செய்ய முடியாது. ஆனால் அந்த இரண்டாவது கேள்வியை வைத்துக்கொண்டு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது, முதல் கேள்விக்கான பதிலையே பாதிக்கலாம். அதைத்தான் இந்தக் கட்டுரையில் நம் உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்றொரு ஊர். அங்கே 65 வயதும் அதற்கு மேலும் ஆன பெரியவர்களிடம் 1982ஆம் ஆண்டிலேயே பல கேள்விகள் கேட்டுப் பதிலை எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கஷ்டம் என்றால் மனத்துக்கு ஆறுதலாக நம்பிப் பேச உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்பதும் அவற்றில் ஒன்று. அடுத்து வந்த ஆண்டுகளில் அவர்களில் 194 பேர் மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். லிசா பெர்க்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும் பழைய பதில்களை எடுத்து வைத்துக்கொண்டு, யார் பிழைத்தார், யார் போனார் என்று பார்த்தார்கள். நோயின் கடுமை, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும், அப்படி ஒருவரும் இல்லை என்று சொன்னவர்கள் ஆறு மாதத்துக்குள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. 1992இல் இது வெளியாயிற்று.

நோய் வருவதற்கு முன்பே கேட்டு எழுதிய பதில் அது என்பதைக் கவனிக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவரிடம் போய் "உனக்கு யார் இருக்கிறார்கள்" என்று கேட்டால் சோர்வில் எதையும் சொல்வார். இங்கே அந்தக் குறை இல்லை.

அதே 1992இல் இன்னும் இரண்டு ஆய்வுகள் வந்தன. மாரடைப்பிலிருந்து பிழைத்த 1,234 பேரைப் பார்த்ததில், தனியாக வசித்தவர்களில் நூற்றுக்கு 15.8 பேருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடியும் மாரடைப்போ இருதயக் கோளாறால் மரணமோ நேர்ந்தது. வீட்டில் ஒருவராவது கூட இருந்தவர்களில் அது 8.8. மற்றொன்று டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இருதய ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளவர்களில், மணத்துணையும் இல்லாமல், மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாமல் இருந்தவர்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் பாதிப்பேர். இரண்டில் ஒன்றாவது இருந்தவர்களில் 82 சதவீதம்.

இதைப் படிக்கிற நம்மவர் ஒருவர் உடனே சொல்வார்: "அதெல்லாம் அமெரிக்காக்காரன் கதை. அங்கே தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். நமக்கென்ன? விடிந்தால் பால்காரரில் ஆரம்பித்து இரவு கடைசி வாடிக்கையாளர் வரை இருநூறு பேரிடம் பேசுகிறோம். வீடு நிறைய ஆட்கள். நாமா தனியாள்?"

அங்கேதான் சிக்கல். அந்த இருநூறு பேரில் எத்தனை பேரிடம், "நேற்று மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அடைத்தது" என்று சொல்லியிருக்கிறோம்? சொல்ல மாட்டோம். சொல்லாததற்குக் கூச்சமோ வீம்போ காரணமில்லை. கடன்தான் காரணம். நம் தொழிலில் ஒரு போன் பேச்சில் இருபது மூட்டை அரிசி வந்து இறங்குகிறது. பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஆளே ஜாமீன். ஆள் தளர்ந்தான் என்ற பேச்சு வந்தால் ஜாமீன் தளர்ந்தது என்று அர்த்தம். அடுத்த வாரம் லோடு கேட்டால், "பழைய கணக்கை நேர் பண்ணிவிட்டு எடுத்துக்கொள்ளுங்களேன் அண்ணாச்சி" என்று மரியாதையாகவே பதில் வரும். இது எல்லோருக்கும் தெரியும். அதனால் நெஞ்சுவலி வந்தவர் முதலில் மறைப்பது மனைவியிடம் அல்ல, மார்க்கெட்டிடம்.

எனக்குத் தெரிந்த எண்ணெய்க் கடைக்காரர் ஒருவர். ஸ்டென்ட் வைத்த ஒன்பதாம் நாள் கல்லாவில் வந்து உட்கார்ந்தார். எங்கே காணோம் என்று கேட்டவர்களிடம், வெளியூரில் ஒரு கல்யாணம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அந்தப் பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! பதினைந்து கிலோ டின்னை வாடிக்கையாளர் கண்ணெதிரில் தூக்காமல் இருக்க முடியவில்லை. மதியம் போட வேண்டிய மாத்திரையைக் கடையில் வைத்துப் போட முடியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் படுக்க முடியவில்லை. அவரைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நின்றார்கள். அந்தப் பத்துப் பேரும் அவருக்குப் பாரமாக இருந்தார்களே தவிர, ஒருவரும் துணையாக இல்லை. நியூ ஹேவனில் கேட்ட கேள்வியை அவரிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

1984இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு இன்னும் பொருத்தமானது. மாரடைப்பில் பிழைத்த 2,320 ஆண்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். தனிமையும் வாழ்க்கை நெருக்கடியும் இரண்டுமே அதிகமாக இருந்தவர்கள் இறக்கும் ஆபத்து, இரண்டுமே குறைவாக இருந்தவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல். நெருக்கடி என்றால் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. மாதக் கணக்கை 20ஆம் தேதிக்குள் போட வேண்டும், ஆள் படுத்திருக்கிறான் என்பதற்காக அந்தத் தேதி நகராது.

வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, 2007இல் வெளியான கணக்கில், முதல் மாரடைப்பு வரும் வயது தெற்காசியர்களுக்கு 53 ஆகவும் மற்ற நாட்டவருக்கு 58.8 ஆகவும் இருந்தது. 53 வயது என்பது வியாபாரிக்கு என்ன வயது? மூத்த பெண்ணின் கல்யாணக் கடன் பாதி அடைந்திருக்கும். பையன் கல்லூரியில் கடைசி வருடம். குடோன் மேல் வாங்கிய வங்கிக் கடன் முழுசாக நிற்கும். ஓய்வெடுக்கச் சொன்னால் எங்கே போய் எடுப்பது?

சரி, துணை இருந்தால் இருதயம் எப்படிப் பிழைக்கிறது? மாயம் ஒன்றும் இல்லை. பாதி விஷயம் மாத்திரையில் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் அதனோடு இன்னொரு மாத்திரையும் பெரும்பாலும் ஒரு வருடம் வரை கொடுக்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. கொழுப்பு மாத்திரை அதற்குப் பிறகும் தொடரும். ஆனால் மூன்றாம் மாதம், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்தியவர்கள் நம் வீதியிலேயே உண்டு. பல நாடுகளில் நடந்த ப்யூர் ஆய்வு 2011இல் சொன்னது: இந்தியா உள்ளிட்ட குறைந்த வருமான நாடுகளில், இருதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்களில் நூற்றுக்கு 80 பேர், அதைத் தடுக்க நிரூபணமான மருந்துகளில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு முயற்சி நடந்தது. 14 மருத்துவமனைகளில், மாரடைப்பு போன்ற கோளாறுகளுக்குச் சிகிச்சை பெற்ற 806 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களை ஒதுக்கினார்கள். அந்தப் பணியாளர்கள் டாக்டர்கள் அல்ல. வீட்டுக்குப் போய், மாத்திரை போட்டீர்களா, பீடி சிகரெட்டை விட்டீர்களா, நடக்கிறீர்களா என்று விசாரிப்பதே வேலை. 2016இல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்தும் மருந்தைச் சரியாகத் தொடர்ந்தவர்கள், விசாரிக்கப்பட்டவர்களில் 97 சதவீதம், மற்றவர்களில் 92 சதவீதம். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் அதற்கு ஆன செலவு ஒரு மனிதரின் நடை. அதை எந்தப் பக்கத்துக் கடைக்காரரும் செய்யலாம்.

இந்த இடத்தில் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது. துணையை மருந்து போல ஊற்றிக் கொடுக்க முடியுமா என்று அமெரிக்காவில் பெரிய அளவில் பார்த்தார்கள். மாரடைப்பு வந்து, மனச்சோர்வோ துணையின்மையோ உள்ள 2,481 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு மனநல ஆலோசகர்களைக் கொண்டு சிகிச்சை கொடுத்தார்கள். 2003இல் வெளியான முடிவு: மனம் தேறியது, துணை இருக்கிறது என்ற உணர்வும் கூடியது. ஆனால் மரணமும் மறு மாரடைப்பும் குறையவில்லை. கனடாவில் நர்ஸ்கள் போன் செய்து விசாரித்த திட்டத்திலும், 1997இல் வந்த முடிவின்படி, உயிர் காக்கும் பலன் கிடைக்கவில்லை. ஆகவே, நாலு பேர் அன்பாகப் பேசினால் அடைப்பு கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். துணை உள்ளவர்கள் பிழைப்பதற்கு அவர்களின் வசதி, பழக்கவழக்கம் என்று வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். என் கருத்து இதுதான்: பல வருடமாகப் பழகிய மனிதர் வேறு, ஆறு மாதத்துக்கு அனுப்பி வைத்த மனிதர் வேறு. அதோடு, ஆலோசகர் வந்து பேசிவிட்டுப் போகலாமே தவிர, அவர் நம் பாக்கியைத் தள்ளி வைக்க முடியாது, கடையைத் திறக்க முடியாது. நோயாளியின் நெஞ்சில் உட்கார்ந்திருப்பது அதுவாக இருந்தால் பேச்சு எவ்வளவு தூரம் போகும்?

நாம் செய்கிற துணையிலும் கோளாறு உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு எட்டுப் பேர் போய், கட்டிலைச் சுற்றி நின்று, "இப்படித்தான் நம்ம பருப்புக் கடைக்காரருக்கும் வந்தது, வீட்டுக்கு வந்து நாலாம் நாள்..." என்று ஆரம்பிக்கிறோம். சொல்கிறவருக்கு அது அனுதாபம். கேட்கிறவருக்கு அன்று இரவு தூக்கம் கிடையாது. வீட்டிலோ வேறு மாதிரி. குளியலறைக் கதவைத் தாழ் போடக் கூடாது, வாசல் வரை நடக்கக் கூடாது, கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. டாக்டர் நடக்கச் சொன்ன ஆளைப் பயத்தினால் படுக்கையில் கட்டிப் போடுகிறார்கள்.

1985இல் வெளியான ஒரு சின்ன ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். மாரடைப்பு வந்து மூன்று வாரம் ஆன, சிக்கல் இல்லாத 30 ஆண்களை நடைப்பட்டையில் நடக்க வைத்துச் சோதித்தார்கள். பத்து மனைவிகள் அதைப் பார்க்கவில்லை. பத்துப் பேர் நின்று பார்த்தார்கள். மீதிப் பத்துப் பேர் பார்த்ததோடு, தாங்களும் அதே பட்டையில் ஏறி, கணவர் நடந்த அதே கடினத்தில் மூன்று நிமிடம் நடந்தார்கள். தாங்களே நடந்து பார்த்த மனைவிகளுக்குத்தான், கணவரின் இருதயம் தாங்கும் என்ற நம்பிக்கை கணிசமாகக் கூடியது. முப்பது பேரை வைத்துப் பெரிய சட்டம் எழுத முடியாதுதான். இருந்தாலும், டிஸ்சார்ஜ் செய்யும் நாளில் டாக்டர் சொல்வதை மகனும் மச்சானும் மட்டும் கேட்டுவிட்டு வருகிற வழக்கத்தை நாம் விட வேண்டும். வீட்டு அம்மாவும் கூட இருந்து, எவ்வளவு தூரம் நடக்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம், எந்தத் தேதி முதல் கடைக்குப் போகலாம் என்று தன் வாயால் கேட்க வேண்டும்.

வீட்டு அம்மா என்றதும் இன்னொன்று. நம் கடைகள் பலவற்றில் மதிய வேளைக் கல்லாவைப் பார்ப்பது அவர்கள்தான். அவர்களுக்கே நெஞ்சுவலி வந்தால் யார் கவனிக்கிறோம்? ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி அடுப்படிக்குப் போகிறார்கள். ஓமம் விற்கிற நமக்கு ஓமத்தின் மேல் நம்பிக்கை கொஞ்சம் அதிகம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பெண்ணை, நான்காம் நாள் சமையலறையில் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம்.

இனி சங்கத்துக்கு வருகிறேன். நம்மில் ஒருவர் இறந்தால் என்ன செய்வது என்று நமக்கு நன்றாகத் தெரியும். அரை நாள் கடையடைப்பு, மாலை, இரங்கல் தீர்மானம். 1989இல் அரசு அமைத்த வணிகர் நல வாரியத்தில் பதிவு செய்தவராக இருந்தால் குடும்ப உதவித் தொகைக்கு மனு. இதற்கெல்லாம் வழி பழகிவிட்டது. பிழைத்து வருகிறவருக்கு என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் வழக்கமே இல்லை. அதனால் ஆளாளுக்குத் தோன்றியதைச் செய்கிறோம்.

முதலில் பாக்கி. ஒருவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது ஐந்து மண்டிகளிலிருந்து ஐந்து வசூல் ஆட்கள் தனித்தனியாகக் கடைக்கு வருவதை நிறுத்த வேண்டும். சங்கத்தின் சார்பில் ஒருவர் மட்டும் போகட்டும். அவரும் நோயாளியிடம் போக வேண்டாம். மகனிடமோ கணக்குப்பிள்ளையிடமோ உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, 60 நாளோ 90 நாளோ தள்ளித் தவணை போட்டுக் கொடுக்கட்டும். அந்தத் தாளை நோயாளியிடம் காட்டலாம். கணக்கை மறைப்பதைவிட, கணக்கு ஒழுங்காகிவிட்டது என்று காட்டுவது அவருக்கு நிம்மதி. மொத்த வியாபாரிகள் இதை தர்மமாக நினைக்க வேண்டாம். பூட்டிய கடையிலிருந்து யாருக்கும் பாக்கி வசூலாகாது. அவசரப்பட்டுச் சரக்கைத் திருப்பி எடுத்துப் போனவர்களுக்குப் பாதிக் காசுகூடத் தேறவில்லை என்பது அவர்களுக்கே தெரியும். எல்லோரும் ஒரே தேதிக்கு ஒத்துக்கொண்டால், "நான் பொறுத்தால் அடுத்தவன் எடுத்துவிடுவானே" என்ற பயமும் போகும். அந்தப் பயம்தான் நல்லவர்களையும் ஓட வைக்கிறது.

அடுத்து சாவி. நான்கு நாள் பூட்டிக் கிடந்தால் வாடிக்கையாளர் எதிர்க்கடையில் கணக்குத் தொடங்கிவிடுகிறார். அதோடு, நம் கணக்கு நோட்டில் எழுதியவர்கள் அந்த வீதிப் பக்கமே வர மாட்டார்கள்! காலை மூன்று மணி நேரம், மாலை மூன்று மணி நேரம் கடை திறந்திருந்தால் இரண்டும் நடக்காது. யார் திறப்பது? பக்கத்துக் கடைக்காரர் போட்டிக்காரர்தானே, விலையும் கொள்முதலும் அவருக்குத் தெரிந்துவிடாதா என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம். அதனால்தான் வேறு வீதிக்காரராக, கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருக்கிற மூத்த உறுப்பினராகப் பார்த்து அனுப்ப வேண்டும் என்கிறேன். வீட்டிலிருந்து ஒருவர் கல்லாவில், இவர் சரக்கில். பெரியவர்களுக்கும் பொழுது போகும். சரக்கு விலை தெரியாத மைத்துனர் உட்கார்ந்து அடக்க விலைக்கே விற்றுத் தள்ளுவதைவிட இது மேல்.

சலுகை என்றால் எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள் என்று செயற்குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினால் தீர்ந்தது. சங்கம் என்ன ஆஸ்பத்திரியா என்று இன்னொருவர் கேட்பார். ஆஸ்பத்திரி வேலையை ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளும். 2023இல் தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உயிரோடு வீட்டுக்கு வந்து சேருகிற ஆட்கள் இனிக் கூடத்தான் செய்வார்கள். வந்த பிறகு நடக்க வேண்டிய வேலைதான் நம்முடையது.

நடை என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2020இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், 24 மையங்களில் மாரடைப்பு வந்த 3,959 பேரை வைத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் யோகாப் பயிற்சியோடு கூடிய மறுவாழ்வு வகுப்புக்குப் போனவர்கள், பழைய வேலைகளுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் திரும்பினார்கள், உடம்பு தேறியதாகவும் உணர்ந்தார்கள். மரணமும் மறு நோயும் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அது போதும் என்பேன். நம் ஊர்களில் அப்படி வகுப்பு எங்கே என்று தேட வேண்டாம். டாக்டர் அனுமதித்த பிறகு, காலை கடை திறக்கும் முன் கூட நடக்க ஓர் ஆள் இருந்தால் நோயாளி நடப்பார். தனியாகப் போகச் சொன்னால், இரண்டாம் நாளே டீக்கடை பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்திருப்பார்.

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே கொண்டு வரும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். பாக்கித் தவணைக்கு மொத்த வியாபாரிகள் பக்கத்திலிருந்து இருவர், சில்லறை வியாபாரிகள் பக்கத்திலிருந்து இருவர் கொண்ட குழு போதும். நிறைவேறினால் நகல் மண்டிகளுக்கும் போகட்டும். அதுவரை ஒவ்வொருவரும் கல்லாவுக்கு மேலே, சாமி படத்துக்குப் பக்கத்தில், ஒரு அட்டை ஒட்டி வைக்கலாம். 108 என்ற எண், வீட்டு எண், தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்ற விவரம். கடைப் பையனுக்கு அதை ஒரு முறை படித்துக் காட்டிவிடுங்கள். முதலாளி சாய்ந்த நேரத்தில் போனைக் கையில் எடுக்கப்போவது அவன்தான்.